ட்ரோனின் எந்த உறுப்பை எல்லையில் நிறுத்த முடியும்?

கேள்வி இதுதான்: "போரில் விழுந்து நொறுங்கிய ட்ரோன்களைப் பிரித்துப் பார்த்தால், தடை விதித்த நாடுகளின் சிப்புகளே உள்ளே இருக்கின்றன என்று செய்தி வருகிறது. அப்படியானால் ஏற்றுமதிக் கட்டுப்பாடு எதற்கு? அது உண்மையில் எதையாவது தடுக்கிறதா?"

தடுக்கிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் தடுப்பதில்லை. இன்றைய விதிகளின் அடித்தளம் ஏவுகணைகளை மனதில் வைத்துப் போடப்பட்டது. எடை, தூரம், வேகம், துல்லியம் என்ற நான்கு அளவுகோல்களை வைத்து ஓர் ஏவுகணையை அடையாளம் கண்டுவிடலாம். மலிவான தாக்குதல் ட்ரோனின் பாகங்களோ பெரும்பாலும் அந்தக் கோடுகளுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. அதனால் பொருளைப் பார்த்து நிறுத்தும் முறை விலையுயர்ந்த சில உறுப்புகளிடம் மட்டும் பலிக்கிறது. மற்றவற்றில் வாங்குபவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று பார்த்துத்தான் நிறுத்த முடியும். அந்த வேலை கடினமானது. அதைச் செய்யும் ஆட்களும் குறைவு. நீங்கள் படிக்கும் செய்திகள் எல்லாம் இந்த இடைவெளியிலிருந்து வருபவை.

1987 ஏப்ரலில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய ஏழு நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கின. துறையில் இருப்பவர்கள் எம்டிசிஆர் என்பார்கள். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கிடையாது. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு, அவரவர் நாட்டுச் சட்டத்தின் வழியாக அமல்படுத்துவோம் என்கிற உடன்பாடு, அவ்வளவுதான். அணுகுண்டைச் சுமக்கும் ஊர்தி பரவிவிடக்கூடாது என்பதே அன்றைய கவலை. எளிய முதல் தலைமுறை அணுகுண்டு ஏறத்தாழ 500 கிலோ இருக்கும் என்றும், நெருக்கமான போர்க்களத்தில் 300 கிலோமீட்டர்தான் முக்கியமான தூரம் என்றும் கணக்குப் போட்டார்கள். இந்த இரண்டையும் எட்டும் எந்த ஊர்தியும் முதல் வகை. அதற்கு உரிமம் கேட்டால், மறுப்பதே வழக்கம், கொடுப்பது அபூர்வமான விதிவிலக்கு என்று எழுதி வைத்தார்கள். ஆளில்லா விமானங்களும் தொடக்கத்திலிருந்தே அந்தப் பட்டியலில் உண்டு.

இந்த இரண்டு எண்களை இன்றைய ட்ரோன்களோடு பொருத்திப் பாருங்கள். குளோபல் ஹாக் என்ற அமெரிக்க உளவு ட்ரோன் ஆயுதமே சுமப்பதில்லை. அதில் இருப்பவை ரேடாரும் கேமராக்களும். ஆனால் 1,360 கிலோ வரை சுமக்கக்கூடியது, கண்டம் தாண்டிப் பறப்பது. ஆகவே முதல் வகை. துருக்கியின் பைரக்தார் டிபி2 குண்டு போடுவதற்கென்றே பேர்பெற்றது. ஆனால் சுமக்கும் எடை 150 கிலோ. ஆகவே முதல் வகைக்குள் வராது. உளவு பார்ப்பதற்கு ஏறக்குறைய முழுத் தடை, தாக்குவதற்குத் தளர்வான விதி. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. 1987இல் அவர்கள் கண்முன்னால் இருந்தது வேறு ஆபத்து.

இந்தப் பொருத்தமின்மைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா பெரிய ஆயுத ட்ரோன்களை நெருங்கிய சில கூட்டாளிகளுக்கு மட்டுமே கொடுத்தது. எம்டிசிஆரில் உறுப்பினராக இல்லாத சீனா சிஎச்-4, விங் லூங் ரகங்களை ஈராக், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு விற்றது. அமெரிக்காவிடம் கேட்டுக் கிடைக்காத ஜோர்டானும் சிஎச்-4 வாங்கியது, பிறகு 2019இல் அவற்றை விற்பனைக்கு வைத்தது. 2020 ஜூலையில் அமெரிக்கா தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் பறக்கும் ட்ரோன்கள் முதல் வகை அளவை எட்டினாலும் இரண்டாம் வகையாக, அதாவது மறுப்பதே வழக்கம் என்ற கடும் விதி இல்லாத வகையாக, நடத்தப்படும் என்றது. மற்ற உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட திருத்தம் அல்ல அது, ஒரு நாடு தன் வசதிக்குச் செய்துகொண்ட வாசிப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதி பழையதாகிவிட்டது என்ற வாதம் சரி. ஆனால் எல்லோரும் சேர்ந்து போட்ட கோட்டை ஒருவர் மட்டும் நகர்த்தினால், நாளை அடுத்தவர் நகர்த்தும்போது கேட்க வாய் இருக்காது.

இரண்டாம் வகைக்குள் ட்ரோன் தயாரிப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. தானாகப் பறக்கக்கூடிய, அல்லது இயக்குபவரின் கண்பார்வைக்கு அப்பால் பறக்கக்கூடிய ட்ரோனில் 20 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள தெளிப்பான் இருந்தால், அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. நச்சுப்பொருளையோ கிருமிகளையோ காற்றில் தூவிவிடக்கூடாது என்பது நோக்கம். ஆனால் பெரிய பூச்சிமருந்துத் தெளிப்பு ட்ரோன்களும் இதற்குள் வந்துவிடுகின்றன. வயலுக்கென்று செய்த கருவிக்கும் இரசாயன ஆயுதப் பரவலுக்கும் என்ன தொடர்பு என்று தயாரிப்பாளர் திகைத்துப்போவார். பட்டியலின் பார்வையில் அது காற்றில் திரவம் தூவும் ஊர்தி. பட்டியல் பொருளின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை, அதன் திறனைத்தான் பார்க்கிறது.

அடுத்தது வாசனார் ஏற்பாடு. பனிப்போர்க் காலத்தில் கோகாம் என்ற குழு சோவியத் அணிக்குப் போகும் தொழில்நுட்பத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. 1994இல் அது கலைந்தது. 1996இல் அதன் இடத்துக்கு வந்ததே வாசனார். மரபான ஆயுதங்களையும், ராணுவம், பொதுமக்கள் இரு தரப்புக்கும் பயன்படும் பொருள்களையும் அது பட்டியலிடுகிறது. இன்று 42 உறுப்பினர்கள். கண்பார்வைக்கு அப்பால் பறக்கக்கூடிய ட்ரோன் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வானில் நிற்க முடிந்தால் அது பட்டியலில் சேரும். அரை மணி முதல் ஒரு மணி வரை நிற்பதானால், மணிக்கு 46.3 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றிலும் கிளம்பி நிலையாகப் பறக்க முடிந்தால்தான் சேரும்.

போர்முனையில் இன்று ஆயிரக்கணக்கில் பறப்பவை எஃப்பிவி ட்ரோன்கள். இயக்குபவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே அதைக் கொண்டுபோய் மோதவிடுவார். அவற்றின் பறக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணியைத் தொடுவதில்லை. ஒரு டாங்கை அழிக்கக்கூடிய பொருள் பட்டியலின் கண்ணில் விளையாட்டுச் சாமான். இந்த உண்மை மனதை உறுத்துகிறது. ஆனால் நேரத்தைக் குறைத்துக் கோடு போட்டாலும், உலகத்தில் படம்பிடிக்கும் ட்ரோன் அத்தனையும் உள்ளே வந்துவிடும். லட்சக்கணக்கான உரிம விண்ணப்பங்களைப் படிக்கும் அலுவலகம் எந்த நாட்டிலும் இல்லை.

உறுப்புகளில்தான் இந்த விஷயம் உண்மையில் சுவாரசியமாகிறது. ஏற்றுமதி விதிகள் நாம் கடையில் வாங்கும் பொருள்களையே வடிவமைத்திருக்கின்றன என்பது அங்கேதான் தெரியும்.

முதலில் ஜிபிஎஸ். உயரமும் வேகமும் ஓர் அளவைத் தாண்டினால் தானாக வேலையை நிறுத்திக்கொள்ளும்படி சிவில் ஜிபிஎஸ் ரிசீவர்களைச் செய்வது நெடுங்கால வழக்கம். பழைய கோகாம் வரம்பு 18 கிலோமீட்டர் உயரமும் மணிக்கு 1,000 கடல்மைல் வேகமும். பள்ளி மாணவர்கள் ஹீலியம் பலூனில் கருவி கட்டி மேலே விடும்போது 18 கிலோமீட்டரில் ஜிபிஎஸ் திடீரென ஊமையாகிவிடுவது இந்த வரம்பால்தான். இப்போதைய எம்டிசிஆர் பட்டியல் விநாடிக்கு 600 மீட்டர் வேகத்துக்கு மேலும் இடம் காட்டக்கூடிய, பறக்கும் ஊர்திகளுக்கான ரிசீவரைக் கட்டுப்படுத்துகிறது. ஏவுகணைக்குப் பொருத்தமான விதி. ஷாஹெத்-136 என்ற தாக்குதல் ட்ரோன் மணிக்கு சுமார் 180 கிலோமீட்டரில் போகிறது, அதாவது விநாடிக்கு 50 மீட்டர். கோட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எந்த மலிவான ரிசீவரும் அதற்குப் போதும். பலூன் விடும் பிள்ளைக்குத் தடையாகும் விதி, நகரத்தைத் தாக்கும் ட்ரோனைத் தொடவே இல்லை. ஆனால் அதே பட்டியலில், எதிரியின் ரேடியோ இரைச்சல் வரும் திசையை மட்டும் அடைத்துவிடும் சிறப்பு ஆன்டெனாவும் இருக்கிறது. ஜிபிஎஸ் அலையை முடக்குவதே ட்ரோனுக்கு எதிரான முதல் தற்காப்பு என்பதால், இந்த வரி இன்றைக்கும் உயிருள்ள வரி.

இரண்டாவது வெப்பக் கேமரா. சந்தையில் பல வெப்பக் கேமராக்கள் விநாடிக்கு 9 படம் மட்டுமே எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தொழில்நுட்பக் குறையல்ல. குளிரூட்டாத சென்சார் கொண்ட கேமராக்களுக்கு வாசனார் பட்டியல் தரும் சலுகை 9 படத்தில் முடிகிறது. அந்த வேகத்தில் சுவரின் ஈரக்கசிவைப் பார்க்கலாம், ஓடும் வாகனத்தைத் துரத்த முடியாது. நான் பார்த்த கட்டுப்பாட்டு விதிகளிலேயே அறிவார்ந்தது இதுதான் என்பேன். பொருளை முடக்காமல், அதன் ஆபத்தான பயனை மட்டும் சீவி எடுத்த விதி. ஆனால் வாசனாரில் இல்லாத சீனா அதிவேக வெப்பக் கேமராக்களைப் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கியதும் இந்தக் கூர்மை மழுங்கிவிட்டது.

மூன்றாவது கைரோஸ்கோப். ஜிபிஎஸ் இல்லாதபோது ட்ரோன் தன் திசையைத் தானே கணக்கிட்டுக்கொள்ள உதவுவது இது. காலம் போகப் போக அதன் கணக்கில் பிழை சேரும். அந்தப் பிழைவீதம் ஒரு மணி நேரத்துக்கு 0.5 டிகிரிக்குள் நிலையாக இருந்தால் கட்டுப்பாடு. கைப்பேசியில் இருக்கும் சில்லறைக் கைரோ இந்தக் கோட்டுக்கு வெகு தொலைவில் நிற்கிறது. ஜிபிஎஸ் கிடைக்கும் இடத்தில் பிழையை அவ்வப்போது திருத்திக்கொள்ளலாம் என்பதால் சில்லறைக் கைரோவே போதும். கிடைக்காத இடத்தில் நல்ல கைரோ வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகில் குறைவு. இங்கே கட்டுப்பாடு பிடி தளராமல் இருக்கிறது.

இனி, கேள்வியில் வரும் நொறுங்கிய ட்ரோனுக்கு வருவோம். ஷாஹெத்-136 ஈரான் வடிவமைத்தது. ரஷ்யா அதற்கு கெரான்-2 என்று பெயரிட்டுத் தன் மண்ணிலேயே தயாரிக்கிறது. அதன் இன்ஜின் லிம்பாக் எல்550 என்ற ஜெர்மன் இன்ஜினைப் பார்த்துச் செய்தது. நான்கு சிலிண்டர், இரண்டு வீச்சு, சுமார் 50 குதிரைத்திறன். சிறு விமானங்களுக்கும் இலக்கு ட்ரோன்களுக்கும் ஏற்ற எளிய இன்ஜின். ட்ரோன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது, வெடிபொருள் சுமார் 50 கிலோ. எம்டிசிஆர் கணக்கில் தூரம் நிறைகிறது, எடை நிறையவில்லை. ஆகவே முழு ட்ரோனாகவே இரண்டாம் வகை.

உள்ளே இருக்கும் சிப்புகள்? 2022 இலையுதிர் காலம் முதல் கள ஆய்வாளர்கள் இவற்றைப் பிரித்து எண்ணி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்களின் பெயர் தாங்கியவை, ஐரோப்பிய, ஜப்பானியப் பெயர்களும் உண்டு. மைக்ரோகண்ட்ரோலர், மின்னழுத்தச் சீராக்கி, நினைவகச் சிப், சிக்னல் பெருக்கி என்று பட்டியல் போகிறது. இதே சிப்புகள் சலவை இயந்திரத்திலும் காரிலும் மின்மீட்டரிலும் இருக்கின்றன. ராணுவத்துக்கென்று செய்தவை அல்ல. அமெரிக்கச் சட்டத்தில் இப்படிப்பட்ட பொருள்கள் தனிக் குறியீடு இல்லாத பொதுக் கூடையில் போகும், பெரும்பாலான நாடுகளுக்கு உரிமமே தேவையில்லை. 2022க்கு முன் ஓர் ஏற்றுமதியாளர் இவற்றை யாருக்கு விற்றாலும் சட்டத்தை மீறியதாகாது, தடைப்பட்ட நாடு, தடைப்பட்ட ஆள், தடைப்பட்ட பயன் மட்டும் விலக்கு.

சிப்பு பயணிக்கும் பாதையைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். தயாரிப்பாளர் பெரிய விநியோகஸ்தருக்கு விற்கிறார். அவர் சிறு விநியோகஸ்தர்களுக்கு. அவர்களிடமிருந்து ஒரு வர்த்தக நிறுவனம் ஆயிரம் சிப்பு வாங்குகிறது. அங்கிருந்து மூன்றாவது நாட்டில் இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு. அந்த நிறுவனம் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பதிவானது, முகவரி ஒரு சரக்கு அனுப்பும் முகவரின் கிடங்கு. நான்காவது கை மாறும்போது தயாரிப்பாளருக்கு எதுவும் தெரியாது. ஆயிரம் சிப்பு ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் அடங்கும். ஏவுகணை இன்ஜினைக் கடத்துவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரசுகள் இதற்குச் செய்த மாற்றம் முக்கியமானது, பெரும்பாலான செய்திகளில் இது விடுபட்டுப்போகிறது. பொருளின் தொழில்நுட்பத் தரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுங்கக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஜப்பான் சேர்ந்து, ரஷ்ய ஆயுதங்களில் அதிகம் அகப்படும் பொருள்களின் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தன. 2024 தொடக்கத்தில் அதில் 50 குறியீடுகள். அதன் முதல் அடுக்கில் இருப்பவை நான்கே நான்கு, நான்கும் ஒருங்கிணைந்த மின்சுற்றுகள். சுங்க அதிகாரிக்கு கைரோவின் பிழைவீதம் தெரியாது, ஆனால் குறியீடு தெரியும். 2023 பிப்ரவரி 24 அன்று அமெரிக்கா ஈரானிய ட்ரோன்களைக் குறிவைத்து இன்னொரு விதி கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கு வெளியே செய்யப்பட்ட பொருளானாலும், அமெரிக்கத் தொழில்நுட்பத்தாலோ இயந்திரத்தாலோ உருவான சிப்பாக இருந்தால், குறிப்பிட்ட குறியீடுகளுக்குள் வருமானால், ஈரானுக்கு அனுப்ப அமெரிக்க உரிமம் வேண்டும். பொதுக் கூடையில் இருந்த சில்லறைச் சிப்பும் இதில் அடக்கம். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ட்ரோன் உறுப்புகள் ஈரானுக்குப் போவதைத் தடுத்தது. 2024 மார்ச் 20 முதல், சில வகைப் பொருள்களை விற்கும் ஐரோப்பிய நிறுவனம் "ரஷ்யாவுக்கு மறுஏற்றுமதி செய்யக்கூடாது" என்ற நிபந்தனையைத் தன் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கூட்டாளி நாடுகள் சிலவற்றோடு நடக்கும் வணிகத்துக்கு மட்டும் விலக்கு.

இதனால் சிப்பு போவது நின்றதா? நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு இடைத்தரகரும் தன் பங்கை எடுக்கிறார், ஒவ்வொரு கை மாற்றமும் நாள் கேட்கிறது, ஒரு வழி அடைபட்டால் பொறியாளர் வேறு சிப்புக்கு ஏற்ப சர்க்யூட்டை மாற்றி வரைய வேண்டியிருக்கிறது. இரவில் ட்ரோன் சத்தம் கேட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்துக்கு ஓடும் ஒரு குடும்பத்துக்கு, எதிரியின் உற்பத்தி ஒரு மாதம் தாமதமானது என்பது சிறிய செய்தியல்ல. கட்டுப்பாட்டை அளக்க வேண்டிய அளவுகோல் இது என்று நான் நினைக்கிறேன். ஒரு சிப்பு உள்ளே இருந்ததா என்று பார்த்துவிட்டுத் தோல்வி என்று எழுதுவது, பூட்டு உடைந்த ஒரு வீட்டைக் காட்டிப் பூட்டே வீண் என்பது போல.

கட்டுப்பாடு நன்றாகக் கடித்த இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் நாகோர்னோ-கராபாக்கில் 44 நாள் போர் நடந்தது. அஜர்பைஜான் பயன்படுத்திய பைரக்தார் டிபி2 ட்ரோன்களின் மூக்கின் கீழ் இருந்த கேமராக் கோளம் கனடாவில் செய்யப்பட்டது. பகலிலும் இரவிலும் இலக்கைக் கண்டுபிடித்து லேசரால் குறிகாட்டும் கருவி. அது இல்லாவிட்டால் டிபி2 வெறும் விமான மாதிரி. 2020 அக்டோபரில் கனடா ஏற்றுமதியை நிறுத்திவைத்தது, விசாரித்தது, 2021 ஏப்ரலில் 29 உரிமங்களை ரத்து செய்தது. துருக்கி கொடுத்த இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழிக்கு மாறாக அந்தத் தொழில்நுட்பம் கராபாக்கில் பயன்பட்டது என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் மார்க் கார்னோ அறிவித்தார். ட்ரோனுக்கு இன்ஜின் செய்த ஆஸ்திரிய நிறுவனத்தின் தாய் நிறுவனமும், பயன்பாடு தெளிவில்லாத நாடுகளுக்கு விமான இன்ஜின் அனுப்புவதை 2020 அக்டோபரில் நிறுத்தியது.

இங்கே கட்டுப்பாடு பலித்ததற்குக் காரணம் எளிது. அந்தக் கேமராக் கோளத்தைச் செய்பவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். விற்பனைக்குப் பிறகும் பழுதுபார்க்கவும் உதிரிக்கும் அவர்களிடமே வர வேண்டும். அட்டைப்பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோக முடியாது. ஆனால் தொடர்ச்சியையும் மறைக்கக்கூடாது. துருக்கி உள்நாட்டு நிறுவனமான அசெல்சானின் காட்ஸ் என்ற கேமராவைப் பொருத்தத் தொடங்கியது. 2024 ஜனவரியில், ஸ்வீடனை நேட்டோவில் சேர்க்கத் துருக்கி நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த சமயத்தில், கனடா மீண்டும் அனுமதிக்கு வழி திறந்தது. அதற்குள் ஒரு போட்டியாளர் வளர்ந்துவிட்டார். மறுப்பு ஒவ்வொன்றும் எதிரே ஒரு தொழிற்சாலைக்கு முதலீட்டுக் காரணமாகிறது. இதைத் தெரிந்துகொண்டே மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உறுதிமொழியை மீறியவருக்குத் தொடர்ந்து விற்றால் அடுத்த உறுதிமொழிக்கு மதிப்பே இருக்காது.

இத்தனை நாள் மேற்கு தடுத்தது, மற்றவர்கள் தேடினார்கள். இப்போது சக்கரம் திரும்பிவிட்டது. சிறிய ட்ரோனுக்கு வேண்டிய மோட்டார், பேட்டரி, வேகக் கட்டுப்பாட்டுச் சர்க்யூட், வீடியோ டிரான்ஸ்மிட்டர், சட்டகம் ஆகியவற்றில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. உக்ரைனும் ரஷ்யாவும் ஒரே நாட்டின் உறுப்புகளை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று தாக்குகின்றன. 2023 செப்டம்பர் 1 முதல் சீனா குறிப்பிட்ட ட்ரோன் இன்ஜின்கள், அகச்சிவப்புக் கருவிகள், லேசர்கள், தகவல்தொடர்புக் கருவிகள் ஆகியவற்றுக்கு உரிமம் தேவை என்றது, சில நுகர்வோர் ட்ரோன்களுக்கும் இரண்டாண்டுத் தற்காலிகக் கட்டுப்பாடு போட்டது. ஓராண்டு கழித்து அந்தத் தற்காலிக விதியை எடுத்துவிட்டு, கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத சிவில் ட்ரோனானாலும் ராணுவப் பயனுக்கென்று தெரிந்தால் ஏற்றுமதி கூடாது என்று மாற்றியது. பொருளிலிருந்து பயனுக்கு நகரும் அதே நகர்வு.

இதைவிட ஆழமானது கனிமக் கட்டுப்பாடு. 2023 ஆகஸ்ட் 1 முதல் காலியமும் ஜெர்மானியமும் உரிமத்தின் கீழ் வந்தன. வெப்பக் கேமராவின் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியத்தால் ஆனது, சாதாரணக் கண்ணாடி வெப்பக் கதிரை உள்ளே விடாது. 2025 ஏப்ரல் 4 அன்று ஏழு அரிய மண் தனிமங்கள் பட்டியலில் ஏறின. அவற்றில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் உண்டு. மோட்டார் காந்தம் சூடேறினாலும் வலுவிழக்காமல் காப்பவை இவை. சிப்பை மறுப்பவர் ட்ரோனின் மூளையைப் பிடிக்கிறார் என்றால், காந்தத்தை மறுப்பவர் அதன் தசையைப் பிடிக்கிறார். ஓர் எஃப்பிவி ட்ரோனுக்கு நான்கு மோட்டார், ஆகவே நான்கு தொகுதிக் காந்தம். மாற்றுச் சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் எழுப்ப ஆண்டுகள் ஆகும். மாற்றுச் சிப்பு தேடச் சில மாதம் போதும்.

தொழில்நுட்பம் என்ற சொல் கேள்வியில் இல்லாவிட்டாலும், சட்டத்தில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. வரைபடம், கணக்கீடு, மென்பொருள், வாய்மொழி விளக்கம் எல்லாம் தொழில்நுட்பமே. மின்னஞ்சலில் ஒரு வரைபடத்தை அனுப்பினாலும் அது ஏற்றுமதி. அமெரிக்கச் சட்டத்தில், தன் நாட்டு ஆய்வகத்திலேயே உட்கார்ந்து வேறு நாட்டுக் குடிமகனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஏற்றுமதி. டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத், அமெரிக்க விமானப்படைக்காக, ட்ரோன் இறக்கையைச் சுற்றிக் காற்றோட்டத்தைப் பிளாஸ்மாவால் கட்டுப்படுத்தும் ஆய்வைச் செய்துகொண்டிருந்தார். சீன, ஈரானிய ஆய்வு மாணவர்களுக்கு அந்தத் தரவு கிடைக்கும்படி விட்டது குற்றமாயிற்று. 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2009இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இந்த வழக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெட்டியும் எல்லை தாண்டாமலேயே ஏற்றுமதிக் குற்றம் நடக்கக்கூடும்.

இதன் மறுபக்கம் திறந்த மூலநிரல். ட்ரோனின் பறப்பைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்களான ஆர்டுபைலட், பிஎக்ஸ்4, பீட்டாஃப்ளைட் ஆகியவை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கின்றன. பொதுவெளியில் வெளியிடப்பட்ட அறிவைக் கட்டுப்பாடு தொடாது என்பது வாசனார் பட்டியலின் பொதுக் குறிப்பு, அடிப்படை அறிவியல் ஆய்வுக்கும் விலக்கு உண்டு. இந்த விலக்கை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இதை எடுத்துவிட்டால் போர் நிற்காது, வெள்ளத்தில் மனிதரைத் தேடும் ட்ரோன், காட்டுத்தீயை வரைபடமாக்கும் ட்ரோன் இவைதான் நிற்கும்.

கேட்டவர் இந்தத் துறையில் வேலை பார்ப்பவராக இருந்தால், நடைமுறையில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி மட்டுமே. பட்டியலில் இல்லாவிட்டாலும், ராணுவப் பயனுக்குப் போகிறது என்று தெரிந்தாலோ அரசு எச்சரித்தாலோ உரிமம் கேட்கும் பொதுவிதி பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இப்படி ஒன்றை வைத்திருக்கிறது. இந்தியாவில் பட்டியலின் பெயர் ஸ்கோமெட். 2023 ஜூனில் 25 கிலோமீட்டர் தூரத்துக்கும் 25 கிலோ சுமைக்கும் உட்பட்ட சிவில் ட்ரோன்களுக்குப் பொது அனுமதி முறை வந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி உரிமம் வாங்கும் சுமை அதனால் குறைந்தது, ஆனால் அவற்றின் மென்பொருளும் தொழில்நுட்பமும் அந்தச் சலுகையில் அடங்கா.

பிறகு வாங்குபவரைப் பாருங்கள். பொருளின் திறனுக்கும் அவர் தொழிலுக்கும் பொருத்தம் இருக்கிறதா? எதற்கு என்று கேட்டால் மழுப்புகிறாரா? பயிற்சியும் பராமரிப்பும் வேண்டாம் என்கிறாரா? இறுதி முகவரி சரக்கு முகவருடையதா? நிறுவனம் 2022 பிப்ரவரிக்குப் பிறகு திடீரென முளைத்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. விற்பனை இலக்கு தலைக்கு மேல் நிற்கும்போது இவற்றைக் கேட்கும் துணிவு வேண்டும். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவை விடக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் ஆளுக்குக் குறைந்த அதிகாரம் இருக்குமானால், கையேடு எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை.

பட்டியல்களே இப்போது தேங்கி நிற்கின்றன. எம்டிசிஆரும் வாசனாரும் ஒருமித்த கருத்தில் இயங்குபவை, ஒரு உறுப்பினர் மறுத்தால் திருத்தம் நின்றுவிடும். இரண்டிலும் ரஷ்யா உறுப்பினர். உக்ரைன் போர் தொடங்கியது முதல் புதிய பொருள்களைச் சேர்ப்பது பெரும்பாடாகிவிட்டது. அதனால் ஒத்த கருத்துள்ள நாடுகள் குவாண்டம் கணினி, சிப்பு உற்பத்திக் கருவி போன்றவற்றுக்கு 2024இல் தங்கள் தேசியப் பட்டியல்களை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தனியாக அமைத்துக்கொண்டன. ட்ரோனில் இதேபோன்ற முடிவு விரைவில் தேவைப்படும். ரேடியோ தொடர்பு அறுந்த பிறகும், கேமராப் படத்தை வைத்துத் தன் இலக்கைத் தானே அடையாளம் கண்டு மோதும் ட்ரோன்கள் போர்முனைக்கு வந்துவிட்டன. அதைச் செய்வது உள்ளங்கை அளவு கணினிப் பலகை. ரோபோ போட்டிகளுக்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கும் விற்கும் அதே பலகை. ஜிபிஎஸ்ஸுக்கு 600 மீட்டர், கேமராவுக்கு 9 படம், கைரோவுக்கு அரை டிகிரி என்று எண் எழுத முடிந்தது. இந்தப் பலகைக்கு எதிரே எந்த எண்ணை எழுதுவது என்பதற்கு, மாணவரின் கையிலிருந்து அதைப் பறிக்காத ஒரு பதிலை நான் இதுவரை பார்க்கவில்லை.